நாமக்கல்லில் தள்ளப்பட்ட வேட்புமனு

தேர்தலை எதிர்த்து வழக்காடும் வழக்கறிஞர் எவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘பொன்னுசாமி வழக்கு’ என்று சொல்லியே தீரவேண்டும். அந்த வழக்கின் ஊர் நாமக்கல். முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில் இருந்தது. சென்னை சட்டமன்றத்துக்கு அத்தொகுதியில் மனு செய்தவர்களுள் என்.பி. பொன்னுசாமியும் ஒருவர். 1951 நவம்பர் 28 அன்று நடந்த பரிசீலனையில் தேர்தல் அதிகாரி அவர் மனுவைத் தள்ளினார். தன் பெயரைப் பட்டியலில் சேர்க்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றம் போனார் பொன்னுசாமி. அரசியலமைப்பின் 329(ஆ) பிரிவு குறுக்கே நிற்கிறது, எங்களுக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். மாநிலத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த மாதத்திலேயே, 1952 ஜனவரி 21 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் அதை உறுதி செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஃபசல் அலி.

தேர்தல் என்பது அறிவிக்கையில் தொடங்கி முடிவு அறிவிப்பில் முடியும் ஒரே நடவடிக்கை. நடுவில் எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது. குறை இருந்தால் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனு போடலாம். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். கேட்டவுடன் அநியாயமாகத் தோன்றும். தவறாகத் தள்ளப்பட்டவர், ஊரே ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா? ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்று சென்னை சட்டமன்றத்துக்கு 375 இடங்கள். தள்ளப்பட்ட ஒவ்வொருவரும் தடையாணை வாங்க முடியுமென்றால் சட்டமன்றம் எப்போது கூடியிருக்கும்? வழக்குக்குச் செலவழிக்க வசதியுள்ளவர், தோற்கப்போகிறோம் என்று தெரிந்த இடத்தில் தேர்தலையே நிறுத்திவைப்பார். ஆகவே நாமக்கல் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். அது எதிர்ப்பை மறுக்கவில்லை, தள்ளிவைத்தது. இன்றைய சட்டப்படி, ஒரே ஒரு வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டிருந்தாலும் அந்தத் தேர்தல் செல்லாது. முடிவு அதனால் மாறியது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனால் பின்னால் கேட்கிறோம் என்று சொன்னவர்கள் காலத்தோடு கேட்க வேண்டும். தேர்தல் தீர்ப்பாயங்களை ஒழித்து 1966-இல் வழக்குகளை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1971 ரேபரேலி தேர்தலை எதிர்த்து ராஜ் நாராயண் போட்ட மனுவில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்புச் சொன்னது 1975 ஜூன் 12 அன்று. இந்திரா காந்தியின் பதவியையே ஆட்டிய தீர்ப்புக்கே நான்கு ஆண்டு!

மக்கள் கொடுத்த தீர்ப்பைக் கோர்ட்டில் கிளறலாமா என்பவர்கள் உண்டு. மனு தள்ளப்பட்டவருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவே இல்லையே. அங்கே எந்தத் தீர்ப்பைக் காப்பாற்றுவது? அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தலுக்குப் பின் தோற்ற தரப்பினர் அறுபதுக்கு மேல் வழக்குகள் போட்டு, ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார்கள். கேடு வந்தது அந்த வழக்குகளால் அல்ல. தோற்றபின்பும் ஒப்பாமல் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததால். வழக்கைக் காலத்தோடு முடிக்கவும் முடியும். கென்யாவில் அதிபர் தேர்தல் வழக்கை 14 நாளில் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பே கெடு வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 8-இல் நடந்த தேர்தலைச் செப்டம்பர் 1 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இத்தனை தொகுதிகள் உள்ள இந்தியாவில் அந்த வேகம் நடக்காது என்பார்கள். லஞ்சம், மிரட்டல் பற்றிய வழக்குகளுக்கு அது பொருந்தும். சாட்சிகளை விசாரிக்க நாளாகும். வேட்புமனு தள்ளுபடியும் மறு எண்ணிக்கையும் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடியவை. அவற்றைத் தனியே பிரித்து முதலில் எடுக்க என்ன தடை? 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அப்பாவு 49 வாக்கில் இன்பதுரையிடம் தோற்றார். சென்னை உயர் நீதிமன்றம் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொன்னது 2019 அக்டோபரில். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. மறு எண்ணிக்கைக்குத் தேவைப்பட்டது ஒரே நாள்.