இடையறாப் பயிற்சி

தைப்பொங்கலன்று யோகாசனம் தொடங்கி, மாசி பிறக்குமுன் கைவிடுதல் நம்மிற் பலருக்கு வழக்கமாயிற்று. உடல் இடங்கொடாது என்போர் பி. கே. எஸ். ஐயங்காரின் வரலாற்றை அறிதல் நன்று. 1918 இல் கன்னட நாட்டுப் பெல்லூரிற் பிறந்த அவர், இளமையில் மலேரியா, நெருப்புக்காய்ச்சல், சயரோகம் ஆகியவற்றால் நலிந்தவர். 1934 இல் மைசூர் சென்று, தமக்கையாரின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயிலத் தொடங்கினார். விறைத்த உடல் எளிதில் வளையவில்லை. ஆயினும் விடாது பயின்று, 1937 இல் பூனாவில் ஆசிரியரானார். 2014 இல் தமது 95 ஆம் வயதில் மறைந்த அவர், தொண்ணூறு கடந்தும் பயிற்சியை விட்டாரல்லர்.

நெடுங்காலம், இடைவிடாமை, சிரத்தை என்னும் மூன்றாலுமே பயிற்சி வேரூன்றும் என்பது பதஞ்சலி முனிவர் கருத்து. ஆதலின், ஒரே நாளிற் பல ஆசனங்களுக்கு முயலாது, நாள்தோறும் சிலவற்றையேனும் தவறாது செய்வோமாக.