மீகாமன் பேழை

பழைய மரச்சாமான்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் வயதையே முதலில் விசாரிக்கிறார்கள். நூறாண்டா, இருநூறாண்டா என்பது தெரிந்துவிட்டால் விலையும் மதிப்பும் தாமே நிச்சயமாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு பேழையை உள்ளபடி அறிய விரும்புகிறவன் அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதைச் செய்தவன் எதைக் காப்பாற்ற நினைத்தான், எந்த ஆபத்தை எண்ணி அஞ்சினான்? இக்கேள்வியின் அருமை ஜப்பான் தேசத்துப் பழம்பேழைகளின் முன்னே நிற்கும்போது நன்றாக விளங்கும். தன்ஸு என்று வழங்கும் அப்பேழைகளில் எத்தனையோ ஜாதிகள் உண்டு. அவற்றுள் ஃபுனா தன்ஸு எனப்படும் கப்பற் பேழையைப் போல, தன் பிரயோஜனத்தைத் தன் ஒவ்வொரு மூட்டிலும் எழுதி வைத்திருப்பது வேறொன்றும் இல்லை என்பது என் துணிபு.

1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்து ஜப்பானிய வீட்டில் நாற்காலி இல்லை, கட்டில் இல்லை, உயர்ந்த மேசையும் இல்லை. கோரைப்பாய் பரப்பிய தரையிலே உண்டு, உறங்கி, எழுதி வாழ்ந்த அந்த ஜனங்களின் தச்சுத் திறமையெல்லாம் பொருள் வைக்கும் பெட்டிகளிலேயே வந்து குவிந்ததில் ஆச்சரியமில்லை. உடைகளை மடித்து வைக்க அகன்ற இழுப்பறைகள் கொண்ட பேழை ஒன்று, கடையில் கணக்குப் புத்தகங்களுக்கு ஒன்று, மருந்துச் சரக்குகளுக்கென்று எண்ணற்ற சிறிய அறைகளுடன் ஒன்று, அடுக்களைக்கு ஒன்று, மாடிப்படியே பேழையாகவும் பேழையே மாடிப்படியாகவும் அமைந்த விசித்திரமும் ஒன்று. இவற்றை இனம்பிரிப்பது அத்தனை கடினமன்று. இழுப்பறையின் அளவைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சக்கரம் வைத்த பேழையின் கதையை மட்டும் சொல்லாமற் போக மனம் வரவில்லை. தீப்பற்றினால் பொருளையெல்லாம் ஒருசேர இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்ற எண்ணத்தில் பெரும் பெட்டிகளுக்கு உருளைகள் பொருத்தும் வழக்கம் இன்றைய தோக்கியோவாகிய எடோ நகரத்தில் பரவியிருந்தது. 1657ஆம் ஆண்டில் அந்நகரத்தின் பெரும்பகுதியை அழித்த மகா அக்கினி மூண்டபோது, எல்லாக் குடும்பங்களும் ஏககாலத்தில் தத்தம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வீதியில் இறங்க, குறுகிய தெருக்கள் அடைபட்டு, தப்பியோட வழியின்றி ஜனங்கள் மடிந்தனர். 1683இல் எடோ, கியோத்தோ, ஓசாக்கா ஆகிய மூன்று நகரங்களிலும் சக்கரப் பேழைகள் தடைசெய்யப்பட்டன. தீயை அஞ்சிச் செய்த சாதனமே தீக்கு இரை தேடிக் கொடுத்தது என்பது சரித்திரத்தின் துக்ககரமான சம்பவங்களுள் ஒன்று.

கப்பற் பேழை இவற்றினின்று முற்றும் மாறுபட்டது. அளவில் அது சிறியது. ஒரு மனிதன் குனிந்து இரண்டு கைகளாலும் தூக்கிச் செல்லத்தக்கது. ஆனால் தூக்க முனைகிறவன் அதன் கனத்தைக் கண்டு திகைப்பான். முகப்பு முழுவதையும் கறுத்த இரும்புத் தகடுகள் பட்டை பட்டையாகப் போர்த்தியிருக்கும். விளிம்புகளிலும் மூலைகளிலும் இரும்பு மடங்கி ஓடும். அந்தத் தகடுகளுக்கு இடையே செம்பழுப்பு நிறத்தில் மரத்தின் ரேகைகள் மின்னும். இத்தனை சிறிய பெட்டிக்கு இத்தனை இரும்பு எதற்கு என்ற சந்தேகம் பார்த்தவுடனே எழும். அச்சந்தேகத்திற்கு விடை காண வேண்டுமானால், இப்பேழைகள் ஏறிச் சென்ற மரக்கலங்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது அவசியம்.

1672ஆம் ஆண்டில் கவாமுரா சுய்க்கென் என்னும் வர்த்தகர், வடமேற்கு மாகாணங்களின் அரிசியை ஜப்பான் கடல் வழியே தெற்கே கொணர்ந்து, ஷிமோனொசேக்கி ஜலசந்தியைச் சுற்றி ஓசாக்காவுக்கும் எடோவுக்கும் சேர்ப்பிக்கும் மேற்குக் கடல்வழியை ஒழுங்குபடுத்தினார். அந்த வழியிலே பிற்காலத்தில் கிதமாயே எனப்படும் வர்த்தகக் கப்பல்கள் பல்கிப் பெருகின. ஒற்றைப் பாய்மரம், அதில் ஒரே பெரிய சதுரப் பாய், பின்புறத்தில் பிரம்மாண்டமான சுக்கான். பெரிய கலமாயின் 1000 கோக்கு, அதாவது ஏறக்குறைய 150 டன் அரிசி கொள்ளும். வசந்தகாலத்தில் ஓசாக்காவை விட்டுப் புறப்பட்டு, துறைதோறும் அரிசி, உப்பு, சர்க்கரை, பருத்தித்துணி, பழந்துணி, காகிதம் முதலியவற்றை வாங்கியும் விற்றும் வடக்கே எசோத் தீவை, இன்றைய ஹொக்கைடோவை, அடைந்து, அங்கிருந்து உப்பிட்ட சால்மன் மீனையும், கோம்பு என்னும் கடற்பாசியையும், மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனைக் காய்ச்சிப் பிழிந்து உலர்த்திய எருவையும் ஏற்றிக்கொண்டு குளிர்காலத்துக்கு முன்னே திரும்பிவிட வேண்டும். வருஷத்திற்கு ஒரே யாத்திரைதான். மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்கள் இந்த மீன் எருவினால் செழித்தன. கோம்பு கலந்த சாறு ஓசாக்கா நகரத்துச் சமையலின் அடிப்படையாயிற்று.

இக்கப்பல்களின் விசேஷம், அவை கூலிக்குச் சரக்கேற்றிய கலங்கள் அல்ல என்பதே. சரக்கு கப்பல் உடையவனுடையது. வாங்குவதும் விற்பதும் விலை பேசுவதும் மீகாமனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தவை. நல்ல காற்றும் நல்ல விலையும் வாய்த்தால் ஒரே யாத்திரையில் 1000 ரியோ பொன் லாபம் கிட்டும் என்பது அக்காலத்துப் பேச்சு. காற்று மாறினால் கப்பலும் முதலும் உயிரும் ஒருங்கே போய்விடும். ஆகவே மீகாமன் மாலுமிகளின் தலைவன் மட்டும் அல்லன்; நடமாடும் வர்த்தக ஸ்தாபனம் ஒன்றின் அதிபதியும் அவனே. அந்த ஸ்தாபனம் முழுவதும் அடங்கியிருந்த இடம் இந்தச் சிறிய பேழை.

அதனுள் இருந்தவை யாவை? கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் உரிய அனுமதிப் பத்திரம். இது இல்லாத கலம் துறைக் காவலரின் சோதனைக்குத் தப்பாது. கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உரிய சீட்டுகள், முத்திரை, மைக்கல்லும் தூரிகையும், பொன், வெள்ளி நாணயங்கள். இவற்றின் தேவைக்கு ஏற்பக் கப்பற் பேழைகளும் மூன்று வகையாயின. ஒற்றைக் கதவைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காய் இழுப்பறைகள் தோன்றும் கனசதுர வடிவினது கக்கேஸுஸுரி. பணமும் பத்திரமும் மைக்கல்லும் அதில் இருக்கும். கணக்குப் புத்தகங்களுக்கு உரியது சோபாக்கோ. இழுப்பறைகளும் கதவுகளும் நழுவு பலகைகளுமாகப் பல அமைப்புகள் அதில் கலந்திருக்கும். முகப்புப் பலகையை மேலே தூக்கிக் கீழே இறக்கிப் பொருத்துவதாய், இரண்டிரண்டாக அடுக்கத்தக்கதாய் அமைந்தது ஹங்காய். துறையில் இறங்கிப் பெரிய வியாபாரிகளைக் காணச் செல்கையில் உடுத்தும் உயர்ந்த ஆடைகள் அதில் மடித்து வைக்கப்பட்டன.

இனி மரத்தைப் பார்ப்போம். எனக்கு இப்பேழைகளின் மீது அபிமானம் உண்டானதற்கு மரமே முதற்காரணம். வெளிப்புறம் கேயாக்கி, கோயில் தூண்களுக்கும் வாயில்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் வைரம் பாய்ந்த மரம், சுழன்றோடும் அதன் ரேகைகளின் மேல் உருஷி மரத்தின் பாலை மெல்லிதாய்த் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உப்புக்காற்றில் துருவேறாதபடி இரும்புத் தகடுகளையும் அந்தப் பாலே காத்தது. கதவைத் திறந்து இழுப்பறையை வெளியே எடுத்துப் பார்த்தாலோ, மரம் மாறிவிடும்: வெளிறிய நிறம், பஞ்சுபோன்ற லேசு, மெருகே காணாத மேனி. அது கிரி என்னும் மரம். பெண் பிறந்தால் அதன் கன்றை நட்டு, அவள் விவாகத்தின்போது வெட்டி உடைப்பேழை செய்து கொடுக்கும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. கிரி எளிதில் தீப்பற்றாது, ஈரத்தை உள்ளே விடாது, பூச்சி அரிக்காது. இவற்றினும் மேலான குணம், நனைந்தவுடன் சற்றே பருத்து, மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதுபோல, தன் கூட்டோடு இறுகிவிடுவதாகும். ஓர் இழுப்பறையை உள்ளே தள்ளினால் அடைபட்ட காற்று வேறு வழியின்றி மற்றோர் இழுப்பறையை வெளியே தள்ளும் அளவுக்கு நுட்பமாய் அதனை இழைத்துப் பொருத்தினார்கள். புயலில் கலம் தப்பாது என்று கண்டால் பேழையைக் கடலில் எறிந்துவிடுவார்கள் என்றும், நீர் உட்புகாமல் அது மிதந்து கரை சேரும் என்றும் சொல்லப்படுவதற்கு இம்மரமே ஆதாரம்.

ஆக, கேயாக்கியும் இரும்பும் மனிதரை நோக்கி நிற்கின்றன. கிரி கடலை நோக்கி நிற்கிறது. துறையில் இறங்கிய மீகாமன் தன்னோடு பேழையையும் மொத்த வியாபாரியின் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, கூடத்தில் எல்லோரும் காண வைப்பான். முன்பின் அறியாத ஊரில் அவனுடைய அந்தஸ்துக்கும் நாணயத்துக்கும் சாட்சி சொல்வது அதுவே. ஆடம்பரத்துக்காக மட்டும் இரும்பைச் செலவிட்டார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. கடனும் வாக்குறுதியுமே முதலாய் நடந்த வியாபாரத்தில் தோற்றமும் ஒரு முதல்தான்.

கள்வரின் பயமும் இருந்தது. இழுப்பறையை முழுதும் உருவி எடுத்த பின்னும், அதன் பின்னே ஒரு பலகை, அப்பலகையை ஒரு பக்கமாய் நகர்த்தினால் ஒரு சிறு பெட்டி, அப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்று ரகசிய அறைகள் மறைந்திருக்கும். வெளி அளவையும் உள் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இடையில் காணாமற்போன இடம் எங்கே என்று தேடுவதுதான் இவற்றைக் கண்டுபிடிக்கும் உபாயம்.

இத்தகைய பேழைகளுக்குப் பிரசித்தி பெற்ற இடங்கள் மூன்று: சாதோத் தீவின் தென்கோடித் துறையாகிய ஓகி, வடக்கே சக்காதா, எச்சிஸென் நாட்டு மிக்குனி. மூன்றும் கிதமாயேக் கப்பல்கள் தங்கிச் சென்ற துறைகள். பெட்டியை இழைக்கும் தச்சர், தகடும் பூட்டும் அடிக்கும் கருமார், மெருகு பூசுவோர் என மூன்று கைகள் சேர்ந்தே ஒரு பேழை உருவாயிற்று.

இரும்பு நிறைந்த முகப்பைக் கண்டவுடன் கப்பற் பேழை என்று விலை சொல்லும் வழக்கம் பழம்பொருள் அங்காடிகளில் இருக்கிறது. சென்டாய் நகரத்துப் பேழைகளும் கேயாக்கி மரத்தில் சிங்கமும் பறவைநாகமும் பூத்த இரும்பு அலங்காரம் உடையவை. ஆனால் ஏறத்தாழ 4 அடி அகலத்தில் ஆடையும் வாளும் வைப்பதற்காக அமைந்த அவை ஒருநாளும் கப்பலேறக் கருதப்பட்டவை அல்ல. கடைக்காரரின் கணக்குப் பேழைக்கும் சோபாக்கோவுக்கும் சாயல் மிகுதி. அங்கே உயரத்தையும் இரும்பின் கனத்தையும் உள்மரத்தையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பின்பலகையிலோ இழுப்பறையின் அடியிலோ மையினால் எழுதிய வருஷமும் ஊரும் சில வேளைகளில் கிடைக்கும். பழுது பார்க்கிறோம் என்று அவற்றை இழைத்துத் தள்ளிவிடுகிறவர்களை எண்ணினால் வயிறு எரிகிறது. ஒரு வரி மை போனால், அந்தப் பேழையின் ஜாதகமே போயிற்று.

எடோ காலத்தை அடுத்து வந்த மெய்ஜி ஆட்சியில் நீராவிக் கப்பல்களும் இருப்புப் பாதையும் வந்தன. அவற்றினும் கொடிய சத்துருவாய்த் தந்தி வந்தது. எசோவில் மீன் எருவுக்கு என்ன விலை என்பது ஓசாக்காவில் அன்றைக்கே தெரிந்துவிட்டால், விலை வித்தியாசத்தையே நம்பி வருஷம் முழுவதும் கடலில் திரிந்த மீகாமனுக்கு என்ன வேலை? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கிதமாயே வியாபாரம் தேய்ந்தது. பேழைகளும் வீட்டு மூலைகளில் ஒதுங்கின. பெயரறியாக் கைவினைஞரின் அழகை உலகுக்கு எடுத்துரைத்தவரும், 1936இல் தோக்கியோவில் நாட்டார் கலைக்கூடத்தை நிறுவியவருமான யானாகி ஸோயெத்ஸு இவற்றைத் தேடித் திரட்டி, 1961இல் இவற்றுக்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டார். ஓகித் துறைக்கு அருகே ஷுகுனெகி என்னும் பழைய மாலுமிகளின் கிராமத்து அருங்காட்சியகத்தில், 1858ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றின் வரைபடத்தைப் பின்பற்றி 1998இல் முழு அளவில் கட்டிய மரக்கலம் இருக்கிறது. மாலுமிகள் வசித்த பின்கட்டு எத்தனை குறுகியது என்பதை அக்கலத்தில் ஏறிக் கண்டவர்களுக்கு, பேழையை ஏன் அத்தனை சிறிதாகச் செய்தார்கள் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.