நாம் பாடிவந்த பாடல்கள்

யூபிலி மலர் என்றால் அதில் ஆலயம் எழுந்த வரலாறு இருக்கும். அடிக்கல் நாட்டிய ஆயர், கோபுரம் எழுப்பிய சுவாமியார், மணி வாங்கித் தந்த குடும்பம் எனப் பெயர்கள் வரிசையாக வரும். அவையெல்லாம் கல்வெட்டிலும் கணக்கேட்டிலும் பத்திரமாக உள்ளவை. இந்தச் சுவர்களுக்குள் நாம் என்ன பாடினோம், யாருடைய இராகத்தில் பாடினோம் என்பதை மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூபிலியை முன்னிட்டுப் பாடகர் மேடையைத் துப்புரவு செய்தபோது, பழைய ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் அட்டை கிழிந்த நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. முழுவதும் தமிழ் எழுத்து. ஆனால் தமிழ் அன்று. இலத்தீன் பூசைப் பாடல்களைக் காதால் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் யாரோ ஓர் உபதேசியார். நீட்டிப் பாட வேண்டிய எழுத்தின் மேல் சிறு கோடு. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சிலுவைக் குறி. பாடற்குழுவின் இளைஞர்கள் அதைப் படித்துப் பார்த்துச் சிரித்தார்கள். பொருள் தெரியாத பாஷைக்கா இத்தனை சிரத்தை என்று கேட்டார்கள். அருகிலிருந்த மூத்த பாடகர் ஒருவர் புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, முதல் நான்கு பக்கங்களையும் பார்க்காமலே பாடினார். பிறகு, “அர்த்தம் தெரியாதுதான் தம்பி, ஆனா எங்க மூச்சு நிக்கணும்னு தெரியும்” என்றார்.

அந்தச் சிரிப்பையும் குறை சொல்வதற்கில்லை. இலத்தீன் அந்நியம், தமிழே நமது என்றுதான் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அந்த இலத்தீன் பூசையைச் சற்று உற்றுக் கேட்டால், அதுவும் பல வீட்டுச் சொத்து என்பது விளங்கும். அதில் வரும் ‘கீரியே எலேய்சோன்’ கிரேக்கம். ஆமேன், அல்லேலூயா, ஓசன்னா மூன்றும் எபிரேயம். உரோமைக் கிறிஸ்தவர்களே முதல் சில நூற்றாண்டுகள் கிரேக்க மொழியில்தான் வழிபட்டார்கள். பாமரருக்கும் புரியட்டும் என்றுதான் அவர்கள் இலத்தீனுக்கு மாறினார்கள். நம் பாட்டன்மார் பொருள் தெரியாமல் பாடிய மொழி, ஒரு காலத்தில் பொருள் தெரிவதற்காகவே கொண்டுவரப்பட்ட மொழி!

நம் நாட்டுக்கு வருவோம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்று மக்களைச் சொல்ல வைத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறியதில் அதுவே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். ஆக, நம்மிடம் முதலில் வந்தது வாய்ச்செபம். ஏடு பின்னால் வந்தது.

வீரமாமுனிவரைப் பற்றிப் பேசும்போது நாம் தேம்பாவணியை மட்டுமே பேசுகிறோம். 1726-ல் முடித்த அக்காப்பியம், புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் அமைந்தது. அதன் பெருமை அறிஞர் அறிந்தது. ஆனால் ஊர்ப் பெண்களுக்கென அவர் எழுதியது ‘கித்தேரி அம்மாள் அம்மானை’. கித்தேரி அம்மாள் போர்த்துக்கல் நாட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் வேதசாட்சி. எழுதியவரோ இத்தாலியில் பிறந்தவர். பாட்டின் வடிவமோ, நம் வீட்டுப் பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து விளையாடும்போது பாடும் அம்மானை. மூன்று நாடுகள் ஒரு விளையாட்டுப் பாட்டில் கூடின. ஏலாக்குறிச்சி அன்னைக்குக் கலம்பகமும் அவர் பாடினார். ஆனால் புலவர் சபைக்குரிய கலம்பகத்தைவிட, திண்ணைக்குரிய அம்மானையே நம் தாய்மாருக்கு நெருங்கியது என்று நினைக்கிறோம்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705-ல் இலங்கைக்குப் போனார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலம் அது. தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதினார். தமிழில் அவர் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் ஆலயங்களில் ஒப்பாரி போன்ற இராகத்துடன் வாசிக்கப்பட்டு வந்தது. இழவு வீட்டில் அழும் குரலை ஆண்டவரின் பாடுகளுக்கு வாங்கிக் கொடுத்தார் அவர். நம் பக்கத்திலும் பெரிய வெள்ளியன்று, இறக்கப்பட்ட சுரூபத்தைச் சுற்றி அமர்ந்து பெண்கள் அழுது பாடியதைக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை யாரும் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

அந்நாளில் நாம் ‘பதிதர்’ என்று ஒதுக்கிய பிரிந்த சகோதரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தவர்களும் ஜெர்மானியப் பாட்டுகளின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களை அதற்குள் பொருத்தினார்கள். அவர்கள் சபைகளில் அவற்றுக்கு ஞானப்பாட்டு என்று பெயர். இராக தாளத்தோடு பாடியதற்குக் கீர்த்தனை என்று பெயர். பெயரிலேயே இரண்டு ஊர்கள் தெரிகின்றன. கீர்த்தனைக்குப் பெயர் பெற்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). கத்தோலிக்கத் தந்தைக்கு மகனாகத் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். திரிகூட மலைக் குறத்தியைப் போல ஒரு குறத்தியைப் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் கொண்டுவந்தார். அவர் பாடல்களில் சில இன்று நம் ஆலயங்களிலும் கேட்கின்றன. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தம் சபையில் சாதி வேற்றுமையை அகற்ற முனைந்த மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவரும் இவரே. இனிய பாட்டு எல்லாக் கதவையும் திறந்துவிடுவதில்லை.

நம்முடைய வேதநாயகர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889). ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றே பள்ளியில் படித்தோம். இவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ எந்தச் சமயத்தவரும் தயங்காமல் பாடக் கூடியது. அதனால் கச்சேரி மேடைகளிலும் இடம்பெற்றது. கத்தோலிக்கருக்கென ‘சத்திய வேத கீர்த்தனை’யும் செய்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவருக்கு நண்பர். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளையவர்கள் தம் பொருளைக் கொட்டிக் கஞ்சி வார்த்தபோது, அச்சிவபக்தர் இக்கத்தோலிக்கரைப் புகழ்ந்து பாடினார். இதைச் சமரசம் என்ற பெரிய சொல்லால் குறிப்பிடத் தேவையில்லை. ஒரே ஊரில் இருந்தார்கள், பாட்டுத் தெரிந்தவர்கள், பசியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வாங்கியது நாம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. சாஸ்திரியாரைவிட ஒரே வயது இளையவரான முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையின் ஆங்கில வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தேவதா ஸ்துதிகள் அமைத்தார். நோட்டு சுவரம் என்று அவற்றைச் சொல்கிறார்கள். ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று! அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் பிடில் பயின்று அதைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு வாசித்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

ஆர்மோனியம் கதை இன்னும் வேடிக்கை. சுதேசி வாத்தியம் வேண்டும் என்று நாம் பீடத்தருகே கொண்டுவந்து வைத்த அந்தப் பெட்டி, 1842-ல் பாரிசில் உரிமம் பெற்றது. கல்கத்தாவில்தான் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றினார்கள். அகில இந்திய வானொலியோ, நம் சங்கீதத்துக்கு அது பொருந்தாது என்று 1940-ல் அதைத் தள்ளி வைத்து, முப்பது ஆண்டுகள் அளவும் கதவைத் திறக்கவில்லை. வானொலிக்கு அந்நியமாகிய அதே பெட்டி, பூசைக்குச் சுதேசியாயிற்று.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. 1903 நவம்பர் 22-ல் பத்தாம் பத்திநாதர் பாப்பு வெளியிட்ட இசை விதிகள், பியானோவையும் முரசு போன்ற ஓசை மிகுந்த வாத்தியங்களையும் ஆலயத்துக்குள் தடுத்தன. பெண்களுக்கும் பாடகர் குழுவில் இடமில்லை என்றன. வாத்தியக் கோஷ்டி வெளியே சுற்றுப்பிரகாரத்தில் வாசிக்கலாம். அதற்கும் ஆயரின் அனுமதி வேண்டும். உரோமையில் நாடகக் கொட்டகைச் சங்கீதம் ஆலயத்துக்குள் புகுந்துவிட்டதைத் திருத்தவே இவ்விதி வந்தது. நம் ஊர்களில் அதற்கு வேறொரு பலன் விளைந்தது. தேருக்கு முன் பறையடித்து வந்தவர்கள் வாசற்படியோடு நின்றார்கள். அவர்களை நிறுத்த உரோமையிலிருந்து விதி வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய ஆலயம், இரு சாதியினர் தனித்தனியே நிற்பதற்கென்றே கால்சட்டை போல இரு கூடங்களாக அமைக்கப்பட்டது. இடைச்சுவர் 1910-ல் அகற்றப்பட்டது. மீண்டும் வேண்டும் என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் இரு கூடங்களும் ஒரே பீடத்தின் இலத்தீனைக் கேட்டன. பாட்டு ஒன்று, சுவர் இரண்டு.

1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்றது. சொந்த இசை மரபுடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்றும் சொன்னது. முதல் வாக்கியத்தை நாம் விரைவில் மறந்தோம். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். 1967-ல் அமலோர்பவதாஸ் அடிகளார் பெங்களூரில் நிறுவிய மையமும், 1977-ல் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரியும் இந்தப் பாதையில் உழைத்தவை. பெண்கள் பாடகர் மேடை ஏறினார்கள். இன்று அவர்கள் இல்லாவிட்டால் நம் பாடற்குழுவே இல்லை.

திரைப்படத்தை இதில் சேர்ப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல நாடுகளில் வழங்கியது. அது இங்கே ஞானசௌந்தரியாகி, அம்மானையாகவும் நாடகமாகவும் ஊர்தோறும் நடந்து, 1948-ல் படமாயிற்று. அப்படத்தில் சிறுமியின் குரலாக ஜிக்கியும் வளர்ந்த பெண்ணின் குரலாக பி. ஏ. பெரியநாயகியும் பாடிய தேவமாதா பாட்டைச் செபமாகவே கொண்ட வீடுகள் பல. கொச்சிக் கோட்டையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1940-ல் பிறந்த யேசுதாஸ், செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்றார். ஐயப்பன் பாடல்கள் அவர் குரலிலேயே வீடுதோறும் அறியப்பட்டன. பாடுகிறவருடைய ஞானஸ்நானச் சீட்டை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. சங்கத்துக்குப் பின் ‘நம் இசை’ என்று பீடத்துக்கு நாம் முதலில் அழைத்து வந்தது கீர்த்தனையை. வாசற்படியில் நின்ற பறை யாருடைய இசை? இதை மிக உரக்கக் கேட்டவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005). சபைப் பிரிவில் அவர் நம்மவர் அல்லர். சபா மேடைச் சங்கீதத்தைத் தமிழ்க் கிறிஸ்தவ இசை என்று சொல்லிவிட்டால், சேரிச் சனங்களின் குரல் எங்கே போகும் என்று கேட்டு, கிராமிய மெட்டுகளிலேயே வழிபாடு அமைத்தார். கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றிலும் பின்னர்ப் பறை உள்ளே வந்தது. சிலவற்றில் இன்னும் வரவில்லை.

நம் பங்கிலும் இது பேச்சாயிற்று. யூபிலிப் பவனியில் பறை ஒலிக்கலாம், காணிக்கைப் பவனியின்போது ஆலயத்துக்குள்ளும் ஒலிக்கலாமா என்று விழாக்குழுவில் இரண்டு மாலைகள் விவாதம் நடந்தது. ஓசை அதிகம் என்றார்கள் சிலர். அதே ஞாயிற்றுக்கிழமை மின்சாரக் கீபோர்டின் டிரம் ஓசைக்கு அவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனித்தோம். இறுதியில் ஒத்துக்கொண்டார்கள், எல்லாரும் மனமுவந்து என்று எழுத நமக்குத் துணிவில்லை. நான்கு பேர் வாசிக்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார்கள் இதே தேருக்கு முன் வாசித்தவர்கள். ஆலயக் கணக்கேட்டில் அவர்கள் பெயர் இல்லை, ‘மேளக்கூலி’ என்ற வரி மட்டும் இருக்கிறது. இம்முறை பெயர் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. சிரித்த இளைஞர்களில் இருவர் அதைப் படியெடுக்கிறார்கள். எங்கே மூச்சு நிற்க வேண்டும் என்று அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர் சொல்லி வருகிறார். யூபிலிப் பூசையன்று, நற்கருணை ஆசீர்வாதத்தின்போது, ஒரு பாட்டு இலத்தீனில் இருக்கும்.