எனார்மிட்டியால் போன மானம்

பல வருஷம் முன்னாடி நடந்த கூத்து. எனக்கு ஒரு உதவி செஞ்ச மேலதிகாரிக்கு இங்கிலீஷ்ல நன்றிக் கடிதம் எழுதினேன். 'பிக் ஹெல்ப்'னு எழுதினா மரியாதை போதாதேன்னு, "உங்கள் கருணையின் எனார்மிட்டி"ன்னு போட்டுத் தொலைச்சேன். எனார்மஸ்னா பிரம்மாண்டம், அப்போ இதுவும் அதே குடும்பம்தானே? மனுஷர் கூப்பிட்டு, "அப்படி என்னய்யா கொடுமை பண்ணிட்டேன் உனக்கு?"ன்னார்.

அகராதியைப் புரட்டினா, எனார்மிட்டிக்கு முதல் அர்த்தமே கொடும்பாதகம்! அப்புறம்தான் இந்த வார்த்தைகளோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன்.

லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரோட மூலைமட்டம். அந்த மட்டத்துக்கு வெளியே போனது எனார்மஸ். 16-ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தபோது முறை தவறியது, வரம்பு மீறியது என்ற வாடையும் கூடவே வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் போட்ட அகராதியில்கூட, அளவைக் குறிக்கும்போதும் இதில் வெறுப்போ பயமோ வியப்போ கலந்திருக்கும்னு சொல்றார். அப்புறம் எனார்மஸ் குளிச்சு சுத்தமாயிடுச்சு. எனார்மிட்டி மேல மட்டும் கறை நின்னுடுச்சு. ஆனா அதை வெறும் அளவுக்குப் பயன்படுத்துறவங்களும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 2008 நவம்பரில் சிகாகோ வெற்றி உரையில் ஒபாமாவே, காத்திருக்கும் பணியின் எனார்மிட்டி பற்றிப் பேசினார். அவர் பேசினா உரை, நான் எழுதினா உளறல் :-)

இம்மென்ஸ் பாவம், சாது. 'அளக்கப்படாதது', அவ்வளவுதான். வாஸ்ட் வேற ரகம். மூலமான 'வாஸ்டுஸ்' வெறுமையை, பாழைக் குறிக்கும். அதனாலதான் பாலைவனமும் கடலும் வாஸ்ட். யானையை வாஸ்ட்னு சொன்னா காது ஒப்புக்காது.

லார்ஜுக்கு ஆதியில் தாராளம்னு அர்த்தம் (நம்மூர் பார்ல 60 மில்லி, அது தனிக்கதை). கிரேட், பழைய ஆங்கிலத்தில் தடிமனானது, கரடுமுரடானது. கிரேட் பிரிட்டன்ல வர்ற கிரேட்டும் பெருமைக்கு வெச்சதில்லை. பிரான்ஸ்ல இருக்கிற பிரிட்டனியிலிருந்து பிரிச்சுக் காட்ட வெச்ச அடையாளம். பிக் 1300 வாக்கில் வட இங்கிலாந்துப் பேச்சில் தலைகாட்டுது. அப்போ அதுக்கு அர்த்தம் பலசாலி. மூலம் எதுன்னு அறிஞர்களுக்குள்ள இன்னும் உடன்பாடில்லை.

அதிகாரிக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். 'பிக் ஹெல்ப், சார்'னு மட்டும்.