தோட்டத் தமிழரும் பன்னிரண்டு மாதக் கணக்கும்

கௌதள்ளி அடங்கிய கொள்ளேகாலம் வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. மாநில எல்லை மாறிற்று; அங்கு வாழ்ந்த தமிழரின் குடியுரிமை மாறவில்லை. வேலையிழந்து ஊர் சென்றவரும் விரும்பியபோது திரும்பலாம். கடல் கடந்த நம்மவர்க்கோ இப்பேறு வாய்க்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் இடமில்லை. 1949இல் எழுந்த சட்டம் ஒரு வழி திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது அங்கு வசித்திருக்க வேண்டும். ஒருமுறை 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். ஆனால் 1939 ஆகஸ்டு 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசே தடுத்திருந்தது. ஊர் வந்தவர் உடனே மீள்வது எளிதாயிருக்கவில்லை.

எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் பொருட்டு 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது.

இன்று அமெரிக்காவில் எச்-1பி அனுமதியில் பணிபுரிபவர் வேலையிழப்பின், 2017ஆம் ஆண்டின் விதிப்படி, மிகுதியாக 60 நாள் அவகாசமே உண்டு. நாடு வேறு, காலம் வேறு. இடைவெளியை எண்ணும் கணக்கு ஒன்றே. அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் சம்பளச் சீட்டையும் பயண முத்திரையையும் பேணட்டும். நாளை அவர்களுக்காகச் சாட்சி சொல்வன அவையே.