நுண்கடன்: கைகொடுக்க வந்த கடன் சுமையானது எப்படி?

வளர்முக நாடுகளில் வறுமையைக் குறைக்கும் வழியாக நுண்கடன் நீண்டகாலமாக முன்வைக்கப்பட்டு வந்துள்ளது. பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமின் வங்கியாக உருவெடுத்தது. பிணை வைக்கச் சொத்தில்லாத ஏழைப் பெண்களுக்குச் சிறுதொகைக் கடன் வழங்குவதே அதன் அடிப்படை. 2006இல் யூனுஸுக்கும் அவ்வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

காலப்போக்கில் இலாப நோக்குடைய நிறுவனங்களும் இத்துறைக்குள் நுழைந்தன. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் ஒருவரே பல நிறுவனங்களிடம் கடன்பட்டு, தற்கொலைகள் வரை நிலைமை முற்றியது. 2010 ஒக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பின்னர், இக்கடன்கள் வடக்கு, கிழக்கில் வேகமாகப் பரவின. வீடு, தொழில், நகை, கால்நடை அனைத்தையும் இழந்து மீள்குடியேறிய மக்களிடம் வங்கிக்குக் காட்டப் பிணை இருக்கவில்லை. நுண்நிதி நிறுவனங்களோ வீட்டு வாசலுக்கே வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். ஒருவர் தவணை தவறினால் அயலவர்களே அவரை நெருக்க வேண்டிய நிலை உருவானது.

வட்டியின் கணக்கும் இலகுவில் புரிவதில்லை. உதாரணமாக, 40,000 ரூபா பெற்று வாரம் 1,000 ரூபா வீதம் 52 வாரங்கள் கட்டினால் மொத்தம் 52,000 ரூபா. பார்வைக்கு வட்டி 30 வீதம். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது.

பெற்ற பணம் வருமானம் தரும் தொழிலுக்குப் போனால் சமாளிக்கலாம். உணவுக்கும் மருந்துக்கும் அரைகுறை வீட்டை முடிக்கவும் போனால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் தேவைப்படுகிறது.

2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையிலிருந்த ஓர் இலட்சம் ரூபா வரையிலான கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. ஆயினும் 2021இல் பொலன்னறுவை ஹிங்குரக்கொடையில் சிங்களப் பெண்கள் கடன் தள்ளுபடி கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். இது ஓர் இனத்தின் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்கு அதுவே சான்று.

நிலையான சந்தையும் நியாயமான விலையும் இல்லாத இடத்தில் கடன் மட்டும் வருமானத்தை உருவாக்காது. கிராமங்களில் இன்றும் உள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களில் வட்டியைத் தீர்மானிப்பவர்கள் அங்கத்தவர்களே. அவற்றைப் பலப்படுத்துவது கைக்கெட்டிய ஒரு மாற்றுவழி. எங்கு கடன் பெற்றாலும், ஒப்பமிடுவதற்கு முன் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.