யோகோஹாமாவில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

விடிகாலையில் பூந்தமல்லி புறவழிச்சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சீருடை போட்ட பிள்ளைகள் தூக்கம் கலையாத முகத்தோடு ஏறி ஒரகடம் போவார்கள். அங்கே 2010இல் ரெனோவோடு சேர்ந்து ஆலை திறந்த நிசான், 1933இல் ஜப்பானின் யோகோஹாமாவில் பிறந்த கார் கம்பெனி. அந்த ஊரின் பெயர் இந்தப் பக்கம் பலருக்குப் பழகிவிட்டது. அங்கே கடலோரப் பூங்காவில் இந்தியர்கள் எழுப்பிய தண்ணீர்க் கோபுரம் ஒன்று நிற்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. பகல் 11:58. யோகோஹாமாவை அடுத்த சாகாமி வளைகுடாப் பக்கம் பூமி பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 7.9. மதியச் சோறு வேகும் நேரம் அது. வீட்டுக்கு வீடு எரிந்துகொண்டிருந்த அடுப்பின் மேலேயே மரவீடுகள் சரிந்தன. எங்கோ கடந்துகொண்டிருந்த புயலின் காற்று நெருப்பைத் தெருத்தெருவாக இழுத்துப் போனது. அணைக்கப் போனால் குழாயில் தண்ணீர் இல்லை. நிலம் அசைந்ததில் மண்ணுக்கடியில் குழாய்கள் அறுந்துவிட்டன. தோக்கியோவும் யோகோஹாமாவும் சேர்ந்து எரிந்தன. மொத்தம் சுமார் 1,05,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நடுக்கமல்ல, நெருப்பு. யோகோஹாமாவில் மட்டும் சுமார் 26,000 பேர்.

மீனவர் குப்பமாக இருந்து, 1859இல் துறைமுகம் திறந்தபின் பட்டு ஏற்றுமதியால் செழித்த ஊர் அது. அந்தப் பட்டை வாங்கி விற்க வந்தவர்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள், சிந்திகளே அதிகம். அவர்களிலும் பலர் அன்று இறந்தார்கள். பிழைத்தவர்கள் கோபே நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். யோகோஹாமா அவர்களை விட்டுவிடவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தது. பட்டு வியாபாரம் கைநழுவிப் போகுமே என்ற கவலையும் அதில் இருந்திருக்கும். இருந்தாலும், எல்லாம் போய் நின்றவனுக்குக் கிடைத்த கூரை கூரைதான்.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. அதை நம்பிய கும்பல்கள் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. யோகோஹாமாவிலும் அது நடந்தது. தண்ணீர் இல்லாமல் எரிந்த ஊரில், தண்ணீரின் பெயரால் ஆள் செத்தான்.

எரிந்த நகரத்தின் இடிபாடுகளை அள்ளிக் கொண்டுபோய்க் கடலோரத்தில் கொட்டினார்கள். அப்படித் தூர்த்த நிலத்தில்தான் 1930இல் யாமாஷிதா பூங்கா திறந்தது. நொறுங்கிய கடைகளின் செங்கல் மேல் இன்று ரோஜா பூக்கிறது.

இறந்த தம்மவர் நினைவாகவும், ஊருக்கு நன்றியாகவும் 1939இல் இந்தியர்கள் அங்கே ஒரு கோபுரம் கொடுத்தார்கள். மேலே குவிமாடம், கீழே திறந்த மண்டபம், நடுவில் குடிக்கத் தண்ணீர். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க வண்ணச் சில்லுகள்.

சிலையோ கல்வெட்டோ வைக்காமல் ஏன் தண்ணீர்? நம் ஊரில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது. போனவர் பேரில் கிணறு வெட்டுவோம், சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்போம். வழிப்போக்கன் குடித்துக் குளிர்ந்தால் போனவருக்கும் குளிரும் என்பது நம்பிக்கை. கடல் கடந்து போன அந்த வணிகர்களும் இதே மனதோடுதான் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்று அந்த ஊர் தவித்ததும் தண்ணீருக்குத்தானே.

1945 மே 29 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் யோகோஹாமா மறுபடி எரிந்தது. கோபுரம் தப்பியது. செப்டம்பர் 1 வந்தால் அங்குள்ள இந்தியர்களும் ஊர்க்காரர்களும் அதன்முன் கூடி, பூ வைத்து, தலை குனிந்து நிற்கிறார்கள்.